ஒரே தடம், பல குரல்கள்

நுழையும்முன்

காற்று எல்லார்க்கும் பொது. வானொலி அலை பரவும் வெளியும் அவ்வாறே. ஒரே அதிர்வெண்ணில் பலர் ஒரே வேளையில் செய்தி அனுப்பினால் எவர் செய்தியும் உருப்படியாகச் சென்று சேராமற்போகலாம். தடத்தை அகலப்படுத்தாமலும் கருவியின் திறனைக் கூட்டாமலும், அனுப்புவோர் தமக்குள் செய்துகொள்ளும் உடன்பாட்டினால் மட்டுமே அத்தடம் சுமக்கும் செய்தியின் அளவைப் பெருக்க இயலுமா? இவ்வினாவுக்குப் பொறியாளரும் கணிதவியலாரும் அரை நூற்றாண்டாகக் கண்டுவந்த விடைகளை இப்பாடம் விளக்குகிறது.

தீவுகளை இணைத்த வானொலி

பசிபிக் பெருங்கடலின் நடுவே சிதறிக் கிடப்பவை ஹவாய்த் தீவுகள். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ஒரு மாநிலமாகிய அத்தீவுக்கூட்டத்தின் பல்கலைக்கழகத்திற்கு ஓவாஹூ தீவிலுள்ள ஹொனலூலு நகரில் முதன்மை வளாகமும், பிற இடங்களில் கிளை வளாகங்களும் இருந்தன. 1960களின் இறுதியில் கணிப்பொறி என்பது ஓர் அறை முழுவதையும் அடைத்துக்கொள்ளும் விலைமிகுந்த பொறியாகும். பல்கலைக்கழகத்தின் பெரிய கணிப்பொறி முதன்மை வளாகத்தில் இருந்தது. அதனைப் பிற தீவுகளில் இருந்தோரும் பயன்படுத்த வேண்டியிருந்தது. தொலைப்பேசிக் கம்பிகளின் வழியே இணைக்கலாமெனில் கட்டணம் மிகுதி. தரமும் நம்பத்தக்கதாக இல்லை.

அப்பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த நார்மன் ஆப்ராம்சனும் பிராங்க் குவோ முதலிய அவருடைய உடன்பணியாளர்களும் கம்பியைக் கைவிட்டு வானொலியைத் தேர்ந்தனர். 1971ஆம் ஆண்டு சூன் திங்களில் அவர்கள் அமைத்த வலையமைப்பு இயங்கத் தொடங்கியது. வரவேற்புக்கும் வழியனுப்புதலுக்கும் ஹவாய் மக்கள் சொல்லும் ‘அலோஹா’ என்னும் சொல்லே அதற்குப் பெயராயிற்று. 

கிளை வளாகங்களிலிருந்து மைய நிலையத்திற்குச் செய்தி செல்ல ஒரு தடம். மையத்திலிருந்து கிளைகளுக்குச் செய்தி வர மற்றொரு தடம். இரண்டாவது தடத்தில் சிக்கல் எதுவும் இல்லை. அங்கே பேசுவது மையம் ஒன்றுதான். முதல் தடமே நம் கவனத்திற்குரியது. அதில் பேச வேண்டியவர் பலர், கேட்பவர் ஒருவர். அத்தடம் நொடிக்கு 9,600 பிட் வீதம் செய்தியைக் கொண்டுசெல்ல வல்லது. 0 அல்லது 1 என்னும் மிகச்சிறு தகவல் அலகே பிட் எனப்படும்.

யார் எப்போது பேசுவது என்பதை எவ்வாறு முடிவுசெய்வது? ஆளுக்கு இவ்வளவு நேரம் என முறைவைத்துப் பங்கிடலாம். ஆனால், விசைப்பலகையின் முன் அமர்ந்திருப்பவர் ஒரு வரியைத் தட்டச்சு செய்துவிட்டு நெடுநேரம் சிந்தித்துக்கொண்டிருப்பார். அவருக்கென ஒதுக்கிய நேரமெல்லாம் வீணாகும். ஆப்ராம்சன் கண்ட வழி வியப்பூட்டும் அளவுக்கு எளிது. செய்தி உண்டானவுடன் அனுப்பிவிடு. பிழையின்றி வந்து சேர்ந்ததாக மையம் ஒப்புகை தரும். ஒப்புகை வாராவிடில், வேறொருவர் செய்தியோடு மோதி அழிந்துவிட்டதாகக் கொண்டு, சிறிது காத்திருந்து மீண்டும் அனுப்பு.

‘சிறிது’ என்பது எவ்வளவு என்பதில்தான் நுட்பம் உள்ளது. குறுகிய சந்தில் எதிரெதிரே வரும் இருவர், வழிவிடக் கருதி ஒரே பக்கமாக ஒதுங்கி, மீண்டும் மறுபக்கமும் ஒருசேர ஒதுங்கி, நகைத்து நிற்பதைக் கண்டிருப்பீர்கள். மோதிய இருவரும் ஒரே கால அளவு காத்திருந்தால் மீண்டும் மோதுவர். ஆகவே, ஒவ்வொருவரும் தத்தம் காத்திருப்பைக் குலுக்கல் முறையில் தேர்ந்துகொள்ள வேண்டும். எவரும் எவரோடும் கலந்துபேசாத இம்முறையிலும் ஓர் உடன்பாடு முன்கூட்டியே உறைந்திருக்கிறது என்பதைக் கருதுக.

இவ்வளவு தளர்வான முறையில் தடம் எந்த அளவுக்குப் பயன்படும்? ஒரு வரிக்குரிய 80 எழுத்துகளும் பிழையறியும் குறிகளும் சேர்ந்த ஒரு செய்திப்பொதி தடத்தில் ஏறத்தாழ 73 மில்லிநொடி நீளும். என் பொதி புறப்படுவதற்கு முந்தைய 73 மில்லிநொடிக்குள் வேறொரு பொதி புறப்பட்டிருந்தால் அதன் வால் என் பொதியின் தலையை இடிக்கும். எனக்குப் பின் 73 மில்லிநொடிக்குள் ஒன்று புறப்பட்டாலோ அதன் தலை என் வாலை இடிக்கும். ஆகவே, 73 மில்லிநொடிப் பொதி ஒன்று தப்பிப்பிழைக்க 146 மில்லிநொடி வெற்றிடம் தேவைப்படுகிறது. நிகழ்தகவுக் கணக்கின்படி இம்முறையில் பெறத்தக்க மிகுதியான பயன், தடத்தின் திறனில் 18.4 விழுக்காடு மட்டுமே. 9,600 பிட் செல்லக்கூடிய தடத்தில் ஏறத்தாழ 1,766 பிட்டே உருப்படியாகச் சென்று சேரும். எஞ்சியது மோதலாலும் வெறுமையாலும் இழந்ததாகும்.

தெரிந்துகொள்வோம்

அலோஹா வலையமைப்பின் மைய நிலையத்தில் செய்திகளை வாங்கிப் பகிர்ந்தளித்த சிறு கணிப்பொறிக்கு ‘மெனஹூனே’ என்று பெயர். ஹவாய் நாட்டுப்புறக் கதைகளில் காட்டில் மறைந்து வாழும் குள்ள மாந்தர் மெனஹூனே எனப்படுவர். அமெரிக்கப் பெருநிலத்தில் அப்போது இயங்கிய ‘ஆர்ப்பாநெட்’ என்னும் வலையமைப்பில் இதே பணியைச் செய்த கருவிக்கு ‘இம்ப்’ என்பது சுருக்கப் பெயர். ஆங்கிலத்தில் அச்சொல் குட்டிக் குறும்புப் பூதத்தைக் குறிக்கும். அதற்கு ஈடாக ஹவாய் மரபிலிருந்தே ஒரு பெயரை அவர்கள் தேர்ந்துகொண்டனர்.

கடிகாரம் தந்த இரட்டிப்பு

ஆர்ப்பாநெட்டை உருவாக்கியவர்களுள் ஒருவரான லாரன்ஸ் ராபர்ட்ஸ் 1972ஆம் ஆண்டில் இம்முறையில் ஒரே ஒரு மாற்றத்தை முன்மொழிந்தார். காலத்தைச் சம கூறுகளாகப் பகுப்போம். ஒரு கூறு ஒரு பொதியின் நீளம். எவரும் எப்போது வேண்டுமானாலும் பேசலாம். ஆயினும் ஒரு கூறின் தொடக்கத்தில்தான் பேச்சைத் தொடங்க வேண்டும். 

இதனால் விளைவது யாது? இனி இரு பொதிகள் மோதினால் முழுமையாக மோதும். இல்லையேல் ஒன்றையொன்று தொடவே தொடா. வால் இடிப்பதும் தலை இடிப்பதும் ஒழிந்தன. தப்பிப்பிழைக்க வேண்டிய வெற்றிடம் 146 மில்லிநொடியிலிருந்து 73 ஆகப் பாதியாயிற்று. தடத்தின் மிகுதியான பயன் 18.4 விழுக்காட்டிலிருந்து 36.8 விழுக்காடாக, சரியாக இரு மடங்காக, உயர்ந்தது. இதற்காக அனுப்புவோர் தம் செய்தியைப் பற்றிப் பிறரிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. எல்லாரும் ஒரே கடிகாரத்தைப் பார்க்க ஒத்துக்கொண்டனர், அவ்வளவே. 

இம்முறையில் ஓர் இடரும் பதுங்கியுள்ளது. பேசுவோர் தொகை ஓர் எல்லையைக் கடந்தால் மோதல்கள் மிகும். மோதியவை மீண்டும் அனுப்பப்படுவதால் தடத்தின் சுமை ஏறும். சுமை ஏறுவதால் மோதல் இன்னும் மிகும். இறுதியில் எல்லாரும் இடைவிடாது பேச, ஒருவர் செய்தியும் சேராத நிலை உருவாகும். இது பழங்கதை என்று கருதிவிட வேண்டா. நம் கைப்பேசி, கோபுரத்தோடு முதன்முதலாகத் தொடர்புகொள்ள முயலும் நொடியில், இன்றும் கூறிட்ட அலோஹாவைச் சார்ந்த ஒரு தடத்தையே பயன்படுத்துகிறது. கோபுரத்திற்கு நம்மைத் தெரியாதவரை அது நமக்கென நேரம் ஒதுக்க இயலாதன்றோ? புயலோ நிலநடுக்கமோ தாக்கிய வேளையில் ஓர் ஊரே ஒருசேரக் கைப்பேசியை எடுக்கிறது. அழைப்பு கிட்டாதவர் உடனே மறுபடியும் முயல்கிறார். அப்போது, உதவி வேண்டி அழைப்பவரின் குரலும் நலம் உசாவுவோரின் நெரிசலில் சிக்கிக்கொள்ளும். இதனைத் தடுக்கவே, கைப்பேசிகளுள் ஒரு பகுதி சிறிது நேரம் முயலாதிருக்க வேண்டும் எனக் கோபுரம் அறிவிக்கும் ஏற்பாடு வகுக்கப்பட்டுள்ளது. மீட்புப் பணியினர்க்கும் அவசர அழைப்புகளுக்கும் அதில் தனி வழி உண்டு. வாய்மூடி இருத்தலும் ஒருவகை ஒத்துழைப்புத்தான். நெரிசலில் அதுவே பெரிய ஒத்துழைப்பு.

கேட்டபின் பேசுதல்

அலோஹாவைப் பற்றிய ஆப்ராம்சனின் கட்டுரையைப் படித்த ராபர்ட் மெட்காஃப் என்னும் இளைஞர், கலிபோர்னியாவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வகத்தில் பணியாற்றியபோது 1973ஆம் ஆண்டில் ஈத்தர்நெட் என்னும் முறையை வகுத்தார். ஒரே கம்பியில் பல கணிப்பொறிகளை இணைக்கும் முறை அது. பேசும்முன் கேள், வேறெவரேனும் பேசிக்கொண்டிருந்தால் பொறு, நீ பேசும்போதே மோதல் நிகழ்ந்தால் உடனே நிறுத்து, மோதல் தொடருந்தோறும் காத்திருப்பின் எல்லையை இரட்டிப்பாக்கு. நல்ல அவையில் நாம் கடைப்பிடிக்கும் ஒழுங்குகள்தாம் இவை. இவற்றால், கம்பியைப் பகிர்ந்துகொண்டோர் தடத்தின் பெரும்பகுதியைப் பயனுள்ளதாக்க முடிந்தது.

கேட்டல் என்னும் உடன்பாடு, ஒருவர் பேச்சு மற்றவர்க்குக் கேட்கும் இடத்தில்தான் பலிக்கும். ஒரு கட்டடத்துக்குள் ஓடும் கம்பியில் அது எளிது. கடலையும் மலையையும் இடையே கொண்ட தீவுகளில், இரு கிளைகளின் குரலும் மையத்திற்குக் கேட்கும். ஒரு கிளையின் குரல் மற்றொன்றுக்குக் கேட்க வேண்டும் என்பதில்லை. அத்துடன் மையமே இல்லாத இடமும் உண்டு. அங்கே காலக்கூறுகளை யார் பங்கிடுவது? இவ்வினாவுக்கு நடுக்கடலில் ஒரு விடை இருக்கிறது.

கப்பல்களின் உடன்படிக்கை

கப்பல்கள் தம் பெயர், இருப்பிடம், விரைவு, செல்திசை ஆகியவற்றை வானொலிவழி இடையறாது அறிவித்துக்கொண்டே செல்கின்றன. இதற்கென அமைந்தது தானியங்கி அடையாள முறைமையாகும். பன்னாட்டுப் பயணம் செல்லும், மொத்தக் கொள்ளளவு 300 அலகும் அதற்கு மேலும் உள்ள கப்பல்களிலும், எல்லாப் பயணியர் கப்பல்களிலும் இக்கருவி இருத்தல் வேண்டும் என்று கடல்சார் உயிர்ப் பாதுகாப்பு உடன்படிக்கை விதிக்கிறது. மூடுபனியில் கண்ணுக்குத் தெரியாத கப்பலும், தீவின் மறுபுறத்தில் திரும்பவிருக்கும் கப்பலும் மாலுமியின் திரையில் தோன்றுவது இதனால்தான். இங்கே செய்திகள் காற்றில் மோதிக்கொண்டால் கப்பல்கள் நீரில் மோதிக்கொள்ள நேரிடலாம்.

இம்முறைமையின் தடமும் அலோஹாவின் தடத்தைப் போலவே நொடிக்கு 9,600 பிட் வீதம் கொள்வது. ஒரு நிமிடம் 2,250 கூறுகளாகப் பகுக்கப்பட்டுள்ளது; ஒரு கூறு ஏறத்தாழ 26.7 மில்லிநொடி. இரண்டு தடங்கள் இருப்பதால் நிமிடத்திற்கு 4,500 கூறுகள் கிடைக்கும். ஓர் இருப்பிட அறிவிப்புக்கு ஒரு கூறு போதும். புவியிடங்காட்டும் செயற்கைக்கோள்கள் எல்லாக் கப்பல்களுக்கும் ஒரே கடிகாரத்தைத் தருகின்றன. 

கூறுகளைப் பங்கிட்டுத் தரும் அதிகாரி நடுக்கடலில் இல்லை. புதிதாக ஒரு பகுதிக்குள் நுழையும் கப்பலின் கருவி முதலில் ஒரு நிமிடம் வாய்திறவாது கேட்கிறது. எக்கூறு யாரிடம் உள்ளது, எது வெறுமையாக உள்ளது என மனத்துள் ஒரு வரைபடம் எழுதிக்கொள்கிறது. பின் வெறுமையான கூறுகளுள் ஒன்றைக் குலுக்கல் முறையில் தேர்ந்து பேசுகிறது. பேசும்போது தன் இருப்பிடத்தோடு மற்றொரு சிறு குறிப்பையும் சேர்த்துச் சொல்கிறது: ‘நான் அடுத்துப் பேசவிருப்பது இந்தக் கூறில்’. அதனைக் கேட்ட கப்பல்களெல்லாம் அக்கூறை விட்டு விலகுகின்றன. பேருந்தின் இருக்கையில் துண்டைப் போட்டு இடம்பிடிப்பதை நாம் அறிவோம். இங்கே துண்டு போடுவதே விதி. ஆனால், ஒரே இருக்கையை எவரும் நெடுநேரம் பற்றிக்கொண்டிருத்தல் கூடாது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஒவ்வொரு கப்பலும் தன் கூறை மாற்றிக்கொண்டே வரும். இரு கப்பல்கள் அறியாமல் ஒரே கூறைத் தேர்ந்திருந்தாலும் அம்மோதல் நீடியாதிருக்கவே இந்த ஏற்பாடு.

ஒரு கணக்கைப் பார்ப்போம். இயல்பான விரைவில் நேராகச் செல்லும் கப்பல் 10 நொடிக்கு ஒருமுறை, அதாவது நிமிடத்திற்கு 6 முறை, தன்னை அறிவிக்கும். மோதலே நிகழாதென்றால் 4,500 கூறுகளில் 750 கப்பல்களுக்கு இடமுண்டு. முன்குறிப்பு ஏதுமின்றிக் கடிகாரத்தை மட்டும் நம்பியிருந்தால், அதாவது கூறிட்ட அலோஹாவாக இருந்தால், 4,500இல் மிகுதியாக 1,656 கூறுகளே பயன்தரும். அது 276 கப்பல்களுக்கு உரியது. ஒவ்வொரு செய்தியிலும் சில பிட்டுகளைச் செலவிட்டு அடுத்த கூறை முன்னறிவிப்பதால் கிடைக்கும் பயன் இவ்வளவு பெரிது. நடைமுறையில் 750ஐ முழுமையாக எட்ட இயலாது எனினும், நெரிசல் மிக்க சிங்கப்பூர் நீரிணை போன்ற இடங்களுக்கு இவ்வேறுபாடு உயிர்நாடியாகும்.

கூறுகள் எல்லாம் நிரம்பிவிட்டால்? அப்போதும் கருவி அலோஹாவைப் போலக் குழம்புவதில்லை. தனக்கு மிகத் தொலைவில் உள்ள கப்பலின் கூறைத் தானும் எடுத்துக்கொள்கிறது. அருகிலிருப்போர்க்கு அருகிலுள்ள கப்பலின் குறிகையே வலுவாகக் கேட்கும், தொலைவிலுள்ளது மங்கிவிடும். மோதும் அளவுக்கு நெருங்கியிருக்கும் கப்பலைப் பற்றிய செய்தியே முதன்மையானது என்பதால், இழக்க வேண்டி வந்தால் தொலைவில் உள்ளதை இழப்பது என்று முறைமை முன்பே முடிவுசெய்துகொண்டிருக்கிறது. இதனை வகுத்தோரின் நுண்ணறிவு இவ்விடத்தில்தான் மிகுதியாக விளங்குகிறது என்பேன்.

இவ்வுடன்படிக்கையின் எல்லையும் தெளிவானது. கப்பலின் குரல் கடற்பரப்பில் ஏறத்தாழ 20 முதல் 40 கடல் மைல்வரை கேட்கும்; அதற்குள் இருப்பவர்களே கூறுகளைப் பற்றி உடன்பட முடியும். விண்ணிலிருந்து கேட்கும் செயற்கைக்கோளின் செவிக்கோ பல நூறு கடல் மைல் பரப்பும் ஒருசேர எட்டும். ஒருவரையொருவர் அறியாத எத்தனையோ கூட்டங்கள் ஒரே கூறில் பேசுவது அதற்குக் கேட்கும். கடலில் ஒழுங்காக இருந்த உரையாடல் விண்ணில் சந்தைக்கடை இரைச்சலாகிவிடுகிறது. செயற்கைக்கோளுக்கெனத் தனித் தடங்களும் சுருக்கச் செய்தியும் பின்னர் ஒதுக்கப்பட்டதற்கு இதுவே காரணம்.

மோதல் எப்போதும் இழப்புத்தானா?

இதுவரை கண்ட முறைகள் எல்லாம் மோதலைத் தவிர்க்க முயன்றவை. இரு செய்திகள் கலந்துவிட்டால் இரண்டும் அழிந்தன என்பது அவற்றின் அடிப்படை. கணிதவியலார் இவ்வடிப்படையையே ஐயுற்றனர்.

தகவல் கோட்பாட்டின் தந்தை எனப்படும் கிளாட் ஷானன், ஒரு தடத்தில் பிழையின்றி அனுப்பத்தக்க தகவலுக்கு ஓர் உச்ச எல்லை உண்டென்று 1948இல் நிறுவினார். அவ்வெல்லையே அத்தடத்தின் கொள்திறன். அவர் முதலில் கருதியது ஓர் அனுப்புநரும் ஒரு பெறுநரும் உள்ள தடம். பல அனுப்புநர் ஒரு பெறுநரிடம் பேசும் தடத்தின் கொள்திறனை ஜெர்மானியரான ருடால்ஃப் ஆல்ஸ்வீட 1971இலும், ஹென்றி லியாவ் 1972இலும் தனித்தனியே கண்டறிந்தனர். லியாவ் தம் முனைவர் பட்ட ஆய்வேட்டை அளித்தது ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில். பலர் பேசும் தடத்தில் எழும் இடர்ப்பாட்டை அன்றாடம் கண்டுவந்த இடத்திலேயே அதன் கோட்பாடும் பிறந்தது பொருத்தமே.

அவர்கள் கண்டதை மிக எளிய எடுத்துக்காட்டால் விளக்கலாம். அனுப்புநர் இருவர், ஒவ்வொருவரும் ஒரு நேரத்தில் 0 அல்லது 1 அனுப்புவர். பெறுநர்க்கு அவ்விரண்டின் கூட்டுத்தொகை மட்டுமே தெரியும். தொகை 0 எனில் இருவரும் 0 அனுப்பினர். தொகை 2 எனில் இருவரும் 1 அனுப்பினர். தொகை 1 எனில் ஒருவர் 0, மற்றவர் 1. யார் எது என்பது தெரியாது.

இருவரும் முறைவைத்துப் பேசினால், 1,000 முறை தடத்தைப் பயன்படுத்தி 1,000 பிட் அனுப்பலாம். இனி, இருவரும் ஒருசேரப் பேசட்டும். முதலாமவர் ஒவ்வொரு முறையும் ஒரு புதிய பிட்டை அனுப்புகிறார். 1,000 முறைக்கு 1,000 பிட். இரண்டாமவர் செய்தியை நோக்கும் பெறுநர்க்கு ஏறத்தாழப் பாதி இடங்களில் தொகை 0 அல்லது 2 ஆக அமைந்து ஐயமற விளங்கும். மறுபாதியில் 1 ஆக அமைந்து மறைந்துவிடும். சில எழுத்துகள் சிதைந்த கல்வெட்டில் எஞ்சியவற்றைக்கொண்டு சிதைந்தவற்றை மீட்டெடுக்கும் அறிஞரை நினைத்துக்கொள்க. இரண்டாமவர் தம் 500 பிட் செய்தியை, பாதி மறைந்தாலும் மீட்கத்தக்க வகையில் 1,000 குறிகளாக விரித்து அனுப்புகிறார். பெறுநர் அதனை முதலில் மீட்கிறார். இரண்டாமவர் அனுப்பியது முழுதும் தெரிந்துவிட்டால், தொகையிலிருந்து அதனைக் கழித்தால் எஞ்சுவது முதலாமவரின் செய்தி. 1,000 முறையில் மொத்தம் ஏறத்தாழ 1,500 பிட்! வீணென்று கருதிய மோதலுக்குள் 500 பிட் ஒளிந்திருந்தது.

இங்கும் உடன்பாடு உண்டு. யார் முழு வீதத்தில் பேசுவது, யார் பாதி வீதத்தில் விரித்துப் பேசுவது, எந்த விரிப்பு முறையைக் கையாள்வது என்பனவற்றை அவர்கள் முன்பே வகுத்துக்கொண்டனர். எனினும், அன்றன்றைய செய்தி என்ன என்பதை ஒருவர்க்கொருவர் சொல்லவில்லை.

சொல்லிக்கொண்டால் என்னாகும்? இரு காசுகளைத் தனித்தனியே சுண்டினால், ஒன்று பூவும் மற்றொன்று தலையுமாக விழுதல் நான்கில் இரு முறை நிகழும். அதுபோலவே, இருவரும் தனித்தனியே இயங்கும்வரை ஐயத்திற்குரிய 1 பாதி முறை வந்தே தீரும். இருவரும் கலந்துபேசி ஒரே ஆள்போல் இயங்கினால் 0, 1, 2 ஆகிய மூன்றையும் சம அளவில் பயன்படுத்தலாம். ஐந்து முறை பேசினால் 3×3×3×3×3 = 243 வெவ்வேறு செய்திகள்; இது 8 பிட்டுக்குரிய 256ஐ நெருங்குகிறது. துல்லியமாகக் கணித்தால் 1,000 முறைக்கு 1,585 பிட் ஆகும். முறைவைத்தால் 1,000, விரிப்பில் உடன்பட்டால் 1,500, செய்தியையே பகிர்ந்துகொண்டால் 1,585. தடம் மாறவில்லை.

அலைகள் கைகோக்கும்போது

மேற்கண்ட எடுத்துக்காட்டில் செய்தியைப் பகிர்ந்ததன் பயன் 85 பிட்டுகள் என்பது சிலருக்குச் சிறிதாகத் தோன்றலாம். வானொலி அலையில் அது பெரிதாகிறது. இயற்பியல் பாடத்தில் அலைகளின் மேற்பொருந்துதலைக் கற்றிருப்பீர்கள். இரு நிலையங்கள் தொடர்பற்ற செய்திகளை அனுப்பினால் பெறுநரிடம் அவற்றின் திறன்கள் கூடும்: ஒன்றும் ஒன்றும் இரண்டு. இரண்டும் ஒரே குறிகையை ஒரே கட்டத்தில் அனுப்பினால் வீச்சுகள் கூடும். வீச்சு இரு மடங்கானால் திறன் நான்கு மடங்காகும். இரு கோபுரங்களும் செலவிடும் ஆற்றல் முன்போலவே இருக்க, கைப்பேசிக்குக் கிட்டுவது இரட்டிப்பாகிறது. இரு கோபுரங்களுக்கும் நடுவே, இரண்டின் குரலும் மங்கிய இடத்தில் நிற்பவர்க்கு இது பெருந்துணை. நான்காம் தலைமுறைக் கைப்பேசித் தொழில்நுட்பத்திலேயே இத்தகைய கூட்டு ஒலிபரப்புக்கு விதிமுறைகள் வகுக்கப்பட்டுள்ளன.

செலவின்றி இது வாய்க்காது. 2 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 15 சென்டிமீட்டர். ஓர் அலை மற்றொன்றைவிட 7.5 சென்டிமீட்டர் பிந்தினால் முகடும் பள்ளமும் சந்தித்து ஒன்றையொன்று அழித்துவிடும். காலக் கணக்கில் சொன்னால், ஒரு நொடியை 400 கோடியாகப் பகுத்ததில் ஒரு பங்கு பிசகினாலும் நட்பு பகையாகும். செய்தியையும் இரு கோபுரங்களுக்கும் முன்கூட்டியே கொண்டு சேர்த்தாக வேண்டும். அதற்கு ஒளியிழைக் கம்பி தேவை. ஒத்துழைப்பதற்கே இவ்வளவு பேச வேண்டுமெனில், அப்பேச்சைக் கழித்தபின் எஞ்சும் நன்மை எவ்வளவு?

இதனை முறையாக ஆராய்ந்தவருள் ஒருவர் ஃபிரான்ஸ் வில்லெம்ஸ். அனுப்புநர் இருவரும் குறிப்பிட்ட அளவே தமக்குள் நேரடியாகக் கலந்துபேசலாம் என்று கொண்டு, அத்தடத்தின் கொள்திறனை 1983இல் அவர் வரையறுத்தார். அவ்வமைப்பில் இருவரும் 100 பிட் கலந்துபேசினால், மொத்தத்தில் கூடும் பயன் 100 பிட்டை விஞ்சாது. போட்ட முதலுக்கு மேல் வட்டி இல்லை.

பர்ஹாம் நூர்சாத், மிஷெல் எஃப்ரோஸ், மைக்கேல் லாங்பெர்க் ஆகிய மூவர், கடந்த பத்தாண்டில் வெளியிட்ட ஆய்வுகளில் வேறோர் அமைப்பைக் கருதினர். அனுப்புநர்கள் நேரடியாகப் பேசிக்கொள்வதில்லை. அவர்களின் செய்திகளை அறிந்த இடையாள் ஒருவர், ஒவ்வொருவர்க்கும் மிகச் சில பிட்டுகளில் குறிப்புத் தருகிறார். பலவகைத் தடங்களில், குறிப்பின் அளவைப் போலப் பல மடங்கு பயன் கூடுகிறது. குறிப்புச் சிறுக்கச் சிறுக்க அம்மடங்கு எல்லையின்றி வளர்கிறது என்று அவர்கள் நிறுவினர். 

நம்புவதற்கரிய இம்முடிவின் காரணத்தை வானொலித் தடத்தில் காணலாம். இரு அலைகளும் எவ்வளவு ஒத்திசைகின்றன என்பதை 0 முதல் 1 வரை ஓர் எண்ணால் குறிப்போம். பெறுநரிடம் கூடும் திறன் அவ்வெண்ணுக்கு நேர்விகிதத்தில் அமையும். அந்த ஒத்திசைவை உண்டாக்க இடையாள் சொல்ல வேண்டிய தகவலோ, எண் சிறிதாக இருக்கும்வரை, அதன் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் அமையும். எண்ணைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்துப் பாருங்கள். நன்மை பத்தில் ஒன்றாகக் குறையும். செலவு நூற்றில் ஒன்றாகிவிடும். மேலும் பத்தில் ஒன்றாக்கினால் நன்மை நூற்றில் ஒன்று. செலவு பத்தாயிரத்தில் ஒன்று. முழு ஒத்திசைவுக்குப் பெரும்பொருள் வேண்டும். சிறிதளவு ஒத்திசைவோ ஏறத்தாழ விலையின்றியே கிடைக்கிறது. இருவரும் தாமே பேசிக்கொண்டபோது கிட்டாத இந்த ஆதாயம், இருவரையும் அறிந்த மூன்றாமவர் ஒருவரால் கிட்டுவது இவ்வாய்வின் மிக நுட்பமான பகுதியாகும்.

கற்பவை கற்றபின்

வகுப்பில் பத்துப் பேர் சேர்ந்து அலோஹாவை நடித்துப் பார்க்க. ஒவ்வொருவரும் பகடை உருட்டி, 1 விழுந்தால் மட்டும் அச்சுற்றில் கை உயர்த்துக. ஒரே கை உயர்ந்த சுற்றுகளை 50 சுற்றுகளுக்கு எண்ணுக. பின்னர் ஐவர் மட்டும் ஆடி, இரு விடைகளையும் ஒப்பிட்டு வகுப்பில் கலந்துரையாடுக.

வினாக்கள்

1. மோதிய இருவரும் ஒரே கால அளவு காத்திருத்தல் ஏன் பயன்தராது?

2. பொது வெற்றிடம் 146 மில்லிநொடியிலிருந்து 73 மில்லிநொடியாகக் குறைந்தது எவ்வாறு?

3. ‘கடலில் ஒழுங்காக இருந்த உரையாடல் விண்ணில் இரைச்சலாகிவிடுகிறது’ – இக்கூற்றை விளக்குக.

4. கூறுகள் நிரம்பியபோது கப்பலின் கருவி தொலைவிலுள்ள கப்பலின் கூறைத் தேர்வது சரியான முடிவா? உம் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.

5. கூட்டுத்தொகைத் தடத்தில் 1,000, 1,500, 1,585 ஆகிய மூன்று அளவுகளும் எவ்வாறு பெறப்பட்டன என்பதை விளக்கி, மூன்றிலும் அனுப்புநர் செய்துகொண்ட உடன்பாடுகளை ஒப்பிட்டு ஒரு கட்டுரை வரைக.